சேவையின் உலர் எடை

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, வெம்பாறைப்பட்டி துணை சுகாதார நிலையத்தில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுத்ததில், பதினான்கு கிலோ இருநூறு கிராம் அரசாங்கச் சேவை கிடைத்தது. இது ஈர எடை. அன்று சின்னமனூரில் நாழிப்பூவன் வாழை கிலோ இருபத்தாறு ரூபாய்க்குப் போனது. போடியில் ஏலக்காய் கொஞ்சம் இறங்கியிருந்தது. அறுத்தவர் பொட்டிப்புரத்து மூக்கம்மாள். எடை போட்டவர் தேனியிலிருந்து வந்த புள்ளியியல் ஆய்வாளர் விஜயபாண்டி. அறுபட்ட சேவை முழுவதும் அந்த நிலையத்தின் செவிலியர் சொர்ணலதா செய்தது. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டால் நாளைக்கு மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்குமா என்று மட்டும் கேட்டார். அப்படியெல்லாம் இல்லை என்று தெரிந்ததும், புதன்கிழமை ஆனபடியால் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவுக்குள் நடந்தார். முதலில் நதியா வீட்டுக்குத்தான் போனார். நதியா அப்போது ஆறு மாதக் கர்ப்பம். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் எட்டாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தன. அந்த இரண்டு முறையும் வெம்பாறைப்பட்டியில் செவிலியர் பணியிடம் காலியாக இருந்தது. சொர்ணலதா வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடத்தில் ஊரில் ஒரு பச்சைக் குழந்தையும் சாகவில்லை. ஆனால் சாகாத குழந்தைகளை எழுதிவைக்க எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை.

சேவையை ஏன் அறுக்க வேண்டி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாட்டின் மொத்த உற்பத்தியைக் கூட்டும்போது நெல்லுக்கு விலை இருக்கிறது, சிமெண்டுக்கு இருக்கிறது, சலூனில் முடி வெட்டுவதற்கும் இருக்கிறது. அரசாங்க நர்ஸ் போடும் ஊசிக்கு விலை இல்லை. விலை இல்லாததை எப்படிக் கூட்டுவது என்று யோசித்துப் பார்த்த படித்தவர்கள், அதற்கு ஆகிற செலவையே அதன் மதிப்பாக வைத்துக்கொள்வோம் என்று முடிவுக்கு வந்தார்கள். சம்பளம் எவ்வளவோ சேவையும் அவ்வளவு. வாத்தியார் பாடம் நடத்தினாலும் சரி, மேசையில் தலை வைத்துத் தூங்கினாலும் சரி, கூட்டலில் வித்தியாசம் இல்லை. விஜயபாண்டி இருபத்தெட்டு வருடமாக இப்படித்தான் கூட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வருடம் ஜூன் மாதம் டெல்லியிலிருந்து சென்னை வழியாக ஒரு கடிதம் வந்தது. இனிமேல் அரசாங்கச் சேவையின் அளவைத் தனியாகவும் தரத்தைத் தனியாகவும் நேரடியாக அளந்து, பத்து வாரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. எதைக் கொண்டு அளப்பது என்று கடிதத்தில் இல்லை. மற்ற மாவட்டங்களில் புத்திசாலிகள் இருந்தார்கள். சம்பளத்தை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி மறுநாளே அனுப்பிவிட்டார்கள். விஜயபாண்டிக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை, புதிதாக ஒன்றை யோசிக்கத் தெம்பும் இல்லை. முட்டி வலி, அல்லிநகரத்தில் பாதி கட்டி நின்ற மாடி, ஆள் பற்றாத ஆபீஸ் எல்லாம் சேர்ந்து அவரை அரைத்துவிட்டிருந்தன. அவருக்குத் தெரிந்த ஒரே அளவை பயிர் அறுவடைச் சோதனைதான். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து, சமவாய்ப்பு எண் அட்டவணையில் விழும் எண்படி நீளமும் அகலமும் அளந்து போக வேண்டும். அங்கே நான்கு முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து எடை போட வேண்டும். பிறகு ஒரு கிலோவைத் துணிப்பையில் கட்டிக் காயவைத்து மறுபடி எடை போட வேண்டும். நெல்லுக்கும் சோளத்துக்கும் அச்சடித்த அதே படிவத்தில் பயிரின் பெயர் என்ற இடத்தில் 'அரசாங்கச் சேவை' என்று எழுதி, ஈர எடையை அளவாகவும் உலர் எடையைத் தரமாகவும் வைத்து வேலையைத் தொடங்கினார்.

கயிறு கட்டும்வரை அது யார் கண்ணுக்கும் தெரியாது. நான்காவது முடிச்சு விழுந்ததும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கோரைப்புல் உயரத்துக்கு, சற்று மங்கிய பச்சையில், சிமெண்டுத் தரையிலும் மேசை மேலும் நாற்காலிக் கால்களைச் சுற்றியும் நின்றது. பார்த்தவர்கள் யாரும் பெரிதாகத் திகைக்கவில்லை. கூலி எவ்வளவு என்றும், வைக்கோலை மாட்டுக்குப் போடலாமா என்றும் இரண்டு மூன்று பேர் விசாரித்தார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் பன்னிரண்டு இடங்களில் கயிறு விழுந்தது. மலைக்கடியில் குகை குடைந்து, நியூட்ரினோ என்று எதிலும் படாமல் போகிற துகளை அளக்கப் போகிறோம் என்று வந்தவர்களைப் பொட்டிப்புரத்துக்காரர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். அதனால் நான்கு குச்சியோடு வந்த விஜயபாண்டி அவர்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. ஒரு தாலுகா அலுவலகத்தில் நாற்பத்தொரு கிலோ விளைந்திருந்தது. ஆள் உயரத்துக்கு நின்ற அதைக் கட்டுக் கட்டாக வெளியே போட்டார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு. வெம்பாறைப்பட்டியிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் இருந்த இன்னொரு துணை சுகாதார நிலையத்தில் முப்பது. மூக்கம்மாள் நாற்பது வருடமாகக் கதிர் அறுக்கிறவர். விஜயபாண்டி எங்கே சோதனைக்குப் போனாலும் அவரைத்தான் கூட்டிப்போவார். வெம்பாறைப்பட்டியில் மட்டும் அவர் அரிவாளை இரண்டு முறை தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

“அங்கன ஆபீசுல அறுத்தது பூராம் பதரு சார். கை வச்சாப் போதும், சாஞ்சிரும். இது அப்பிடி இல்ல. வேரு எங்கன போகுதுன்னே தெரியல” என்றார் மூக்கம்மாள்.

அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லாததால் விஜயபாண்டி எழுதவில்லை.

பன்னிரண்டு துணிப்பைகளும் தேனி ஆபீஸ் மொட்டைமாடியில் வரிசையாகக் காய்ந்தன. தாலுகா அலுவலகத்தின் ஒரு கிலோ, இரண்டே நாளில் முப்பது கிராம் ஆனது. பையைத் திறந்து பார்த்தபோது அடியில் கொஞ்சம் தூசியும் ரப்பர் ஸ்டாம்பு மையின் வாசனையும் இருந்தன. பள்ளிக்கூடத்துப் பை நானூறு கிராமில் நின்றது. அது மோசமில்லை, யாரோ ஒரு டீச்சர் அங்கே உழைக்கிறார் என்று விஜயபாண்டி நினைத்துக்கொண்டார். ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த நிலையத்தின் பை இருநூறு கிராம். வெம்பாறைப்பட்டிப் பை முதல் நாளும் ஒரு கிலோ, இரண்டாம் நாளும் ஒரு கிலோ. நான்காம் நாள் மாலை ஒரு கிலோ பதினைந்து கிராம். தராசில் கோளாறு என்று நினைத்து, கீழே மளிகைக் கடைத் தராசில் கொண்டுபோய்ப் போட்டார். அங்கேயும் ஒரு கிலோ பதினைந்து கிராம்தான். வெயிலில் கிடந்தும் அது குறையவில்லை, கூடிக்கொண்டிருந்தது. போன வருடம் போட்ட ஊசியால் இந்த வருடம் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் இருந்தால், அந்தச் சேவை இன்னும் முடியவில்லை, நடந்துகொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. வேலையில் சேர்ந்து இத்தனை வருடத்தில் ஒரு எடை அவரைச் சந்தோஷப்படுத்தியது அதுதான் முதல் முறை. அதுவும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவரைதான் நீடித்தது.

கம்ப்யூட்டரில் ஈர எடை என்ற கட்டத்தில் ஆயிரம் கிராம், உலர் எடை என்ற கட்டத்தில் ஆயிரத்துப் பதினைந்து கிராம் என்று போட்டதும் சிவப்பு எழுத்து வந்தது. உலர் எடை ஈர எடையை விட அதிகமாக இருக்க முடியாது, சரிபார்க்கவும். விஜயபாண்டி சரிபார்த்தார். மறுபடியும் அதையே போட்டார். மறுபடியும் சிவப்பு. ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று இருந்தது: தொள்ளாயிரத்துத் தொண்ணூறு என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது. ஆனால் விஜயபாண்டி எடையில் கைவைக்காதவர் என்று பேர் எடுத்தவர். பதவி உயர்வு, நல்ல ஊர், கையில் நாலு காசு என்று எதுவுமே வாய்க்காதவருக்கு அந்தப் பேர் ஒன்றுதான் மிச்சம். கட்டத்தைக் காலியாக விட்டு, காரணத்தைத் தனித்தாளில் நான்கு பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். தாளை யாரும் படிக்கவில்லை. கெடு முடிந்த அன்று, காலியாக இருந்த கட்டங்கள் எல்லாம் தாமாகவே பூஜ்யம் ஆயின. அளவு பதினான்கு கிலோ இருநூறு, தரம் பூஜ்யம், பெருக்கினால் பூஜ்யம். வெம்பாறைப்பட்டி துணை சுகாதார நிலையத்தில் சேவை எதுவும் நடைபெறவில்லை என்று தெரிய வருவதால், நவம்பர் முதல் தேதியிலிருந்து அதை ஒன்பது கிலோமீட்டரில் உள்ள நிலையத்தோடு இணைத்துவிடலாம் என்று அக்டோபர் பதினொன்றாம் தேதி ஆணை வந்தது.

ஆணை வந்த மூன்றாம் நாள் நதியாவும் அவளுடைய மாமியார் ஜக்கம்மாவும் பஸ் ஏறித் தேனிக்கு வந்தார்கள். நதியாவின் கணவன் தங்கப்பாண்டி ஏலத்தோட்டத்து ஜீப்பில் கேரளாவுக்குப் போயிருந்தான். வாரக் கூலியை விட்டுவிட்டு வர முடியாது. நதியா எட்டாம் மாதத்தில் இருந்தாள். கால் வீங்கியிருந்தது. பிரஷர் ஏறி ஏறி இறங்குவதால் சொர்ணலதா ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உடம்போடு அவள் மொட்டைமாடிப் படி ஏறி, வெம்பாறைப்பட்டிப் பையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அது அதற்குள் ஒரு கிலோ நானூறு ஆகியிருந்தது. ஜக்கம்மா பையைப் பார்க்கவில்லை, விஜயபாண்டியைப் பார்த்தாள்.

“ஏஞ்சாமி, பதினஞ்சு கிராமு. எங்க ஊருக் கடையில தராசுத் தட்டுல ஒட்டிக் கெடக்குற மண்ணு அம்புட்டு இருக்கும். அதக் கொறைச்சு எழுதுனா ஒங்க கை முறிஞ்சா போகும்?”

“இருக்கிறதத்தான ஆத்தா எழுத முடியும்?”

“இருக்கிறத எழுதித்தான் ஒண்ணுமே இல்லன்னு ஆக்கிவிட்டாகளே.”

நதியா பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். “எந்தத் தேதிக்குள்ள பெத்தா நர்ஸக்கா எங்க ஊருல இருப்பாக சார்?”

முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்தே முக்கால் வரை என்று அவருக்குத் தெரியும். நதியா கையில் வைத்திருந்த கர்ப்ப அட்டையில் நாள் குறித்திருந்தது நவம்பர் இருபத்தைந்து. இரண்டையும் தெரிந்து வைத்திருந்தவர் அந்த மாடியில் அவர் ஒருவர்தான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு எண்ணைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர்கள் போன பிறகு வெகுநேரம் மாடியிலேயே உட்கார்ந்திருந்தார். தன்னுடைய நேர்மை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் பிடிவாதமாக இருக்குமோ என்று பயந்தார். அந்தப் பயம் நியாயமானதுதான். மறுநாள் வெம்பாறைப்பட்டிக்குப் போய் சொர்ணலதாவிடம் மன்னிப்புக் கேட்டார். சொர்ணலதா அப்போது நிலையத்தின் சாமான்களைப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார்: குழந்தை எடை போடும் தராசு ஒன்று, பிரஷர் கருவி ஒன்று, மேசை இரண்டு. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும். அவரிடம் அது இல்லை. “இருபது கிராம் கொறைச்சு எழுதியிருக்கலாம்ல சார். நான் எத்தன எடத்துல கூட்டி எழுதியிருக்கேன் தெரியுமா? பார்க்காதவகளைப் பார்த்ததா எழுதச் சொல்லுவாக, எழுதுவேன். அதெல்லாம் எழுதிக் குடுத்துட்டுத்தான் பார்க்க வேண்டியவகளைப் பார்க்கப் போவேன்” என்றார். பிறகு, வந்ததற்கு டீ சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

விதிகளைப் புரட்டியதில் விஜயபாண்டிக்கு ஒரே ஒரு வழி அகப்பட்டது. எடை ஒப்பாத இடத்தில், அதே கிராம எல்லைக்குள் புதிய எண்களைக் கொண்டு இன்னொரு முறை அறுக்கலாம். ஆனால் அதுவரை ஆணை நிற்காது. மேலதிகாரி பலவேசம் விண்ணப்பத்தைப் பார்த்து நெற்றியைத் தேய்த்தார். அவருக்கு முன்னால் இதுபோல் நூற்றெழுபது கோப்புகள் இருந்தன. “இதுலயும் கூடுனா என்ன செய்வீக?” என்று கேட்டார். தெரியாது என்று விஜயபாண்டி சொன்னார். அது பலவேசத்துக்குப் பிடித்திருந்தது. அந்த ஆபீஸில் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. கையெழுத்துப் போட்டார். அட்டவணையில் தேதி நவம்பர் இருபத்திரண்டு என்று விழுந்தது. ஊரின் தென்மேற்கு மூலையிலிருந்து வடக்கே நூற்று முப்பத்தெட்டு மீட்டர், கிழக்கே அறுபத்தொன்று.

அதற்கு முன்பே நவம்பர் பிறந்து, நிலையத்தைப் பூட்டி, சொர்ணலதாவைப் புதிய இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பூட்டிய கட்டடத்துக்குள் விளைந்திருந்தது ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே எட்டிப் பார்ப்பதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். கயிறு கட்டாதபோது அது தெரியாது என்பதால் பெரியவர்கள் நம்பவில்லை. இருபத்திரண்டாம் தேதி காலையிலிருந்தே மலையில் மழை. விஜயபாண்டியும் மூக்கம்மாளும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனார்கள், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார்கள், கிழக்கே திரும்பினார்கள், டீக்கடை பெஞ்சை நகர்த்தச் சொன்னார்கள். அறுபத்தொன்றாவது மீட்டர் நதியாவின் வீட்டு வாசற்படியில் முடிந்தது. உள்ளே நதியாவுக்கு வலி கண்டிருந்தது. குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பே வந்துவிட்ட வலி. சொர்ணலதா உள்ளேதான் இருந்தார். அன்றைக்குத் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பையோடு விடிந்ததும் நடந்தே வந்திருந்தார். கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆனால் ஓடையில் தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேல் இடுப்பளவு ஓடியதால் அக்கரையில் நின்றது. அதன் விளக்கு சுழல்வது தெருவிலிருந்து தெரிந்தது. ஜக்கம்மா அந்த விளக்கையும் வீட்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தைய இரண்டு முறையும் இந்த வாசலில்தான் நின்றாள்.

விஜயபாண்டி நாடாவைச் சுருட்டத் தொடங்கினார். இன்னொரு நாள் வரலாம் என்றார். இன்னொரு நாள் இல்லை என்று அவருக்கே தெரியும்.

“கயித்தக் கட்டுங்க சார்” என்றார் மூக்கம்மாள். “கட்டுனாத்தான உள்ள என்ன இருக்குன்னு தெரியும்.”

ஒற்றை அறை வீடு, ஏறக்குறைய ஐந்துக்கு ஐந்துதான். நான்கு மூலையிலும் குச்சி அடித்து, மழையில் நனைந்தபடி கயிற்றைச் சுற்றிக் கட்டினார்கள். நான்காவது முடிச்சு விழுந்ததும் வீடு நிறைய நின்றது தெரிந்தது. இடுப்பு உயரத்துக்கு, கருகருவென்ற பச்சையில், கட்டிலைச் சுற்றியும் அடுப்படி வரைக்கும், கதவுக்கு வெளியே தள்ளிக்கொண்டும் நின்றது. மூன்று வருடமாக அந்த வீட்டுக்கு நடந்த நடை, பார்த்த பிரஷர், கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, ‘உப்பைக் குறை ஆத்தா’ என்று சொன்ன சொல் எல்லாம் அங்கே நின்றன. நடவு வயலுக்குள் இறங்குகிறவர் மாதிரி சொர்ணலதா இரண்டு கையாலும் அதை விலக்கிவிட்டுக் கட்டிலின் மறுபக்கம் போனார். வலி வரும்போதெல்லாம் நதியா இரண்டு கைப்பிடி நிறைய அதைப் பிடித்துக்கொண்டாள். அது பிடுங்கிக்கொண்டு வரவில்லை. பதினொன்று நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதலில் அழவில்லை. வெளியே நின்றவர்களுக்கு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சொர்ணலதா குழந்தையின் வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, மறுபடியும் தேய்த்தார். கைகள் வேகமாகவே இருந்தன, ஆனால் அவர் முகத்தில் இருந்தது களைப்புதான் என்று வாசலிலிருந்து எட்டிப்பார்த்த மூக்கம்மாள் பிற்பாடு சொன்னார். அப்புறம் குழந்தை அழுதது. ஜக்கம்மா வாசலிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

எடை போட வேண்டும். குழந்தைத் தராசை நிலையத்துச் சாமான்களோடு ஒப்படைத்தாயிற்று. விஜயபாண்டி தன் தொங்குதராசைக் கழுவிக் கொடுத்தார். துவைத்த சேலைத் துணியில் தூளி கட்டி மாட்டியதில், துணி போக இரண்டு கிலோ எழுநூறு. கைப்பழக்கம், எண்ணைப் பார்த்ததும் படிவத்தில் எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் அறுவடை பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது. கட்டத்துக்குள் இருப்பது எல்லாவற்றையும் அறுக்க வேண்டும் என்பது விதி. மூக்கம்மாள் அரிவாளோடு உள்ளே போய், குனிந்து ஒரு தண்டைப் பிடித்து, நகத்தால் கீறிப் பார்த்தார். தாயையும் பிள்ளையையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

“பச்சையா இருக்கு சார். இன்னும் பால் புடிக்கல. இத அறுக்கக் கூடாது.”

நாற்பது வருடம் அறுத்தவர் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இல்லை. விளையாத பயிரை அறுக்கக் கூடாது என்பதும் விதிதான். அப்படிப்பட்ட இடத்தில் 'பயிர் நிற்கிறது' என்று எழுதி, வேறு தேதி குறிக்க வேண்டும். அறுவடை முடியும்வரை சாகுபடி முன்பு இருந்தபடியே நடக்க வேண்டும். ஆளையோ முறையையோ மாற்றக் கூடாது. விஜயபாண்டி அந்தப் பக்கத்தை இருபத்தெட்டு வருடமாகப் பார்த்திருக்கிறார், ஒரு முறையும் நின்று படித்ததில்லை. கூரையின் கீழ் ஒதுங்கி நின்று, தாள் நனையாமல் குடையைப் பிடித்துக்கொண்டு 'பயிர் நிற்கிறது' என்று எழுதினார். ஒரு கிராம் கூட்டவில்லை, ஒரு கிராம் குறைக்கவில்லை. கம்ப்யூட்டர் அதைச் சிவப்பு எழுத்து இல்லாமல் வாங்கிக்கொண்டது. பலவேசம் மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் விதியைப் பார்த்தார்கள். டிசம்பர் பதினொன்றாம் தேதி சொர்ணலதா தராசு, பிரஷர் கருவி, இரண்டு மேசையோடு வெம்பாறைப்பட்டிக்குத் திரும்பிவந்தார். மேசை ஒன்றுக்கு வண்டியில் கால் ஒடிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரும் தேனியிலிருந்து ஆள் வந்து, அந்த வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டுகிறார்கள். குழந்தைக்குக் கயல் என்று பேர் வைத்தார்கள். முதல் வருடம் கயல் எட்டு கிலோ தொள்ளாயிரம், பயிர் நிற்கிறது. மூன்றாம் வருடம் கொரோனா என்பதால் எல்லோரும் முகக்கவசத்தோடு நின்றார்கள், பதிமூன்று கிலோ நூறு, பயிர் நிற்கிறது. மூக்கம்மாளுக்குக் கண்புரை எடுத்த வருடம் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து கையால் தடவிப் பார்த்தே பச்சை என்றார். தொங்குதராசு தாங்காது என்று ஆனதும் நிற்கும் தராசு வாங்கினார்கள். தங்கப்பாண்டி வீட்டை ஓட்டிலிருந்து கான்கிரீட் தார்சுக்கு மாற்றியபோது கொத்தனார் கயிறு கட்டும் நான்கு மூலையையும் விட்டுத்தான் சுவர் எழுப்பினார். இரண்டாயிரத்து இருபத்துமூன்றில் விஜயபாண்டி ஓய்வு பெற்றார். பாதி மாடி பாதியாகவே நின்றது. மொட்டைமாடித் துணிப்பை நான்கு கிலோ எண்ணூறு ஆகியிருந்தது. குச்சியையும் கயிற்றையும் இம்மானுவேல் என்ற புதியவரிடம் ஒப்படைத்தபோது, இதை ஏன் முடிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். விளையட்டும் என்று விஜயபாண்டி சொன்னார். இம்மானுவேல் முதல் தடவை முடிச்சுப் போட்டுப் பார்த்த பிறகு வேறு கேள்வி கேட்கவில்லை.

சொர்ணலதாவுக்கு இதில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பயிர் நிற்கிறவரை அவரை மாற்ற முடியாது. பெரியகுளத்தில் தாய் வீட்டுப் பக்கம் ஒரு இடம் காலியானபோது இரண்டு முறை எழுதிப் போட்டார். இரண்டு முறையும் 'அறுவடை நிலுவை' என்று திரும்பிவந்தது. குதிகால் வலிக்கு ரப்பர் செருப்பு போட்டிருக்கிறார். மதியம் சாப்பிட மூன்று மணி ஆகிறது. டேப்லெட்டில் ஏற்ற வேண்டியவை முன்பைவிட இரட்டிப்பு. சில நாள் சாயங்காலம் நிலையத்துப் படியில் உட்கார்ந்து, எல்லாம் சேர்ந்து பதர் ஆகிப் போனால்கூடப் பரவாயில்லை என்று சொல்வார். அடுத்த தெருவிலிருந்து யாராவது கூப்பிட்டால் எழுந்து போவார். நதியா மட்டும் அவரிடம் ஒரு நாள், “எங்களால ஒங்களுக்கு விடுதலையே இல்லாமப் போச்சுல்லக்கா” என்று சொல்லி அழுதுவிட்டாள். “போடி கிறுக்கி, வேலை கெடக்கு” என்று அவர் சொன்னதாகச் சொல்கிறார்கள்.

நாட்டின் மொத்தக் கூட்டலில் எட்டு வருடமாக வெம்பாறைப்பட்டி சேரவில்லை. டெல்லியில் அந்த ஒரு வரியைக் காலியாக விட்டுவிட்டு மற்றதைக் கூட்டி வெளியிடுகிறார்கள். கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு போடுகிறார்கள். ஊரில் யாருக்கும் அதில் குறை இல்லை. இந்த நவம்பரில் இம்மானுவேல் வந்து கயிறு கட்டியபோது கயல் மூன்றாம் வகுப்பு யூனிபார்மில் பையோடு தராசில் ஏறினாள்; பையைக் கழற்றச் சொல்லி மறுபடி பார்த்ததில் இருபத்துமூன்று கிலோ நானூறு. மூக்கம்மாள் குனிய முடியாமல் குனிந்து தண்டை நகத்தால் கீறிப் பார்த்து, பச்சை என்றார். படிவத்தின் கடைசியில் பயிர் நிற்பதை நேரில் பார்த்த சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஜக்கம்மா கைநாட்டு வைப்பதுதான் வழக்கம். இந்த முறை அவள் மாட்டைப் பிடிக்கப் போயிருந்தாள். பஸ்ஸுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அதனால் கயல் பேனாவை வாங்கி, பயிர் நிற்கிறது என்பதற்குக் கீழே தன் பேரை எழுதினாள். இம்மானுவேல் தேதி போட்டுத் தாளை மடித்துக்கொண்டார்.